பார்சல் கட்டாதீர்கள்: தங்கசாலையில் தொடங்கி செகண்ட் லைன் பீச்சில் முடிந்த ஒரு சனிக்கிழமை

போன மாதம் ஒரு மழை நாள் சாயங்காலம், வெளியே போக வழியில்லை, நாக்கு மட்டும் அதோ கேட்டது. அதோ என்பது கையால் கலந்து தருகிற பர்மா நூடுல்ஸின் பேர். வீட்டில் இருந்து மூன்று கிலோமீட்டரில் ஒரு கடை இருக்கிறது, போனிலேயே ஆர்டர் போட்டேன். ஐம்பது நிமிஷம் கழித்து வந்தது. திறந்து பார்த்தால் நூடுல்ஸ் எல்லாம் ஒரே கட்டியாக டப்பாவின் வடிவத்திலேயே நிற்கிறது, முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டிருக்கிறது, மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு வட்டம் நனைந்த அட்டை மாதிரி வளைந்து கிடக்கிறது. கொண்டுவந்த பையன் தெப்பமாக நனைந்திருந்தான், அவனைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. கடைக்காரரையும் நான் குறை சொல்ல மாட்டேன், கலக்கும்போது நன்றாகத்தான் கலந்திருப்பார். அதோவுக்கு ஆயுளே பத்து நிமிஷம்தான், அதைப் போய் டப்பாவில் அடைத்து ஊரைச் சுற்ற வைத்தால் வேறு எப்படி இருக்கும்?

அந்த டப்பாவைப் பார்த்தபோதுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. சென்னையில் தெருச் சாப்பாடு என்றால் எங்கே போவது என்று ஊரில் இருந்து வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், நானும் மெரினா சுண்டல், மயிலாப்பூர் மெஸ் என்று எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையில் நான் சாப்பிட ஆசைப்பட்டுப் போகிற இடம் ஒன்றுதான். பாரிமுனையில் இருந்து மேற்கே தங்கசாலை வரை போய், அங்கிருந்து திரும்பி பர்மா பஜார் பின்பக்கம் செகண்ட் லைன் பீச் வரை நடக்கிற நடை. பதினோரு வருஷம் அந்தப் பக்கம் ஒரு ஆபீசில் வேலை பார்த்தேன், ஆபீஸ் விட்டதும் இந்த நடைதான். இப்போது வீடும் வேலையும் தெற்கே போய்விட்டது, ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது போகாமல் இருக்க முடிவதில்லை.

இந்தத் தடவை துணைக்கு மச்சான் வந்தார். அக்கா வீட்டுக்காரர், மதுரை. கறிதோசையும் ஜிகர்தண்டாவும் பருத்திப்பாலும் சாப்பிட்டு வளர்ந்த மனிதரிடம் சென்னையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சொல்வது லேசில்லை. "மெட்ராஸ்ல சாம்பார் கூட இனிக்குமே மாப்ளே" என்று ரயிலில் வரும்போதே ஆரம்பித்துவிட்டார். சரி, வாங்க மச்சான், ராத்திரி சொல்லுங்க என்று கூட்டிக்கொண்டு போனேன்.

மெட்ரோவில் உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கினோம். வண்டி எடுத்துப் போகவே போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பசி செத்துவிடும். 2019-இல் இந்தப் பக்கம் மெட்ரோ வந்ததே எங்களை மாதிரி தெற்கில் இருப்பவர்களுக்குப் பெரிய உபகாரம். வெளியே வந்து என்எஸ்சி போஸ் ரோட்டில் மேற்கே நடந்தால் வலது பக்கமும் இடது பக்கமும் தெருவுக்கு ஒரு தொழில். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி, தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் வளையலும். பூக்கடை தாண்டும்போது கதம்ப வாசனை, அதைத் தாண்டியதும் சுடுகிற நெய் வாசனை. சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு அந்த ரோட்டில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது, கைவண்டிக்காரர்கள் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே வருவார்கள், கேட்டதும் ஒதுங்கிவிட வேண்டும். மச்சானுக்கு இதிலெல்லாம் கஷ்டமே இல்லை, விளக்குத்தூண் பக்கம் வளர்ந்தவர்.

தங்கசாலை என்ற பேர் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அங்கே நாணயம் அடிக்கிற பட்டறை இருந்ததால் வந்தது, இங்கிலீஷில் மிண்ட் ஸ்ட்ரீட். அந்தப் பகுதிக்குப் பேர் சௌகார்பேட்டை, அதில் உள்ள சௌகார், வட்டிக்குக் கொடுக்கிற வியாபாரி. குஜராத்தில் இருந்தும் ராஜஸ்தானில் இருந்தும் வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கின்றன. அவர்கள் வீட்டுச் சாப்பாடு தெருவுக்கு வந்து, தெருவில் இருந்த நம் இட்லியோடும் முறுக்கோடும் கலந்துபோனதுதான் அந்தப் பகுதியின் ருசி.

முதலில் காக்கடா ராம்பிரசாத் இனிப்புக்கடை. நான் எப்போதும் இனிப்பில் ஆரம்பிப்பேன், சிலருக்குப் பிடிக்காது, ஆனால் வயிறு காலியாக இருக்கும்போது சூடான ஜிலேபி ஒன்று போனால் அதன் சுகமே தனி. இங்கே ஜிலேபி நெய்யில் பொரிந்து, பாகில் ஒரு முங்கு முங்கி, நேராக உங்கள் தட்டுக்கு வருகிறது. நம் ஊர் ஜாங்கிரியோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜாங்கிரி உளுந்து மாவு, மெத்தென்று இருக்கும், இரண்டு நாள் டப்பாவில் கிடந்தாலும் தன் குணம் மாறாது. ஜிலேபி புளித்த மைதா மாவு, மெலிசாகச் சுற்றியது, வெளியே கண்ணாடி மாதிரி நொறுங்கி உள்ளே இருந்து பாகு சூடாகப் பீறிட வேண்டும். பத்து நிமிஷம் போனால் அந்த நொறுங்கல் போய்விடும், கால் மணி நேரத்தில் வெறும் சர்க்கரைக் கயிறு. மச்சான் முதலில் கால் கிலோ வாங்கி வீட்டுக்குக் கட்டச் சொன்னார், நான் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். நூறு கிராம் மட்டும் வாங்கி அங்கேயே நின்று இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதற்கு மேல் பாதாம் பால், சூடாக, ஆடையோடு. மச்சான் ஆடையை விரலால் வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது.

அப்புறம் முறுக்கு சாண்ட்விச். இதற்கு நான் ஒரு கடையைச் சொல்ல மாட்டேன், அந்தச் சுற்று வட்டாரத்தில் வண்டிக்கு வண்டி கிடைக்கும், எங்கே கூட்டம் நின்று வேகமாகத் தீர்கிறதோ அங்கே சாப்பிடுங்கள். பிரெட்டுக்குப் பதில் உள்ளங்கை அகல முறுக்கு. கீழே ஒன்று, அதன்மேல் பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், கொஞ்சம் மசாலாத் தூள், சீஸ் கேட்டால் மேலே துருவிப் போடுவார்கள், அதற்கு மேல் இன்னொரு முறுக்கு. அவ்வளவுதான். இதைச் செய்து முடிக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. தீபாவளிக்குத் தீபாவளி வீட்டில் செய்து டின்னில் போட்டு வைக்கிற முறுக்கை இப்படிச் சட்னி தடவிச் சாப்பிடலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ, அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கடித்தால் முதலில் முறுக்கின் சத்தம், அடுத்து வெள்ளரியின் ஈரம், கடைசியில் சட்னியின் காரம் பின்னந்தொண்டையில் ஏறும். நான்கு கடியில் முடித்துவிட வேண்டும். ஐந்தாவது கடிக்கு முறுக்கு ஊறத் தொடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள், வண்டிக்காரர் பொறுக்காமல் "சாப்டுங்க மேடம், நமுத்துடும்" என்றார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

பானிபூரி, ஆலு டிக்கி எல்லாம் இருக்கிறது, நன்றாகவும் இருக்கும், ஆனால் அதில் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். சீனா பாய்க்கு இடம் வைக்க வேண்டும்.

சீனா பாய் டிபன் சென்டர் என்எஸ்சி போஸ் ரோட்டிலேயே யானைகவுனி பக்கம். சாயங்காலம்தான் திறப்பார்கள். இட்லி, ஊத்தப்பம், இரண்டே அயிட்டம். இந்த ஊரில் முந்நூறு அயிட்டம் மெனு கார்டு வைத்துக்கொண்டு ஒன்றைக்கூட ஒழுங்காகப் போடாத இடங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன எனக்கு, இரண்டே அயிட்டத்தோடு நடைபாதையில் கூட்டத்தைச் சேர்க்கிற இந்தக் கடை மீது தனி மரியாதை உண்டு. உட்கார இடம் என்றெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது, டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நாங்கள் இருபத்தைந்து நிமிஷம் நின்றோம்.

அந்த இருபத்தைந்து நிமிஷமும் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆள் அகலக் கல்லில் வரிசையாக மாவை ஊற்றுகிறார், சின்னச் சின்ன வட்டமாக, தடிமனாக. வெங்காயத்தை அள்ளித் தூவுகிறார். மிளகாய்ப் பொடி அதன்மேல், கஞ்சத்தனம் இல்லாமல். அதற்கப்புறம் நெய். கரண்டியால் விடுவது இல்லை, கல்லில் குளம் கட்டுகிற மாதிரி ஊற்றுகிறார், ஊத்தப்பத்தின் ஓரம் எல்லாம் அந்த நெய்யில் கொப்புளித்துக் கொப்புளித்துச் சிவக்கிறது. திருப்பிப் போட்டதும் பொடி நெய்யில் வறுபட்டு ஒரு வாசனை எழும் பாருங்கள், வரிசையில் நிற்கிற எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு அடி முன்னால் நகர்கிறார்கள். தட்டில் வந்ததும் ஓரத்தைப் பிய்த்தால் படக்கென்று உடையும், நடுவில் பஞ்சு. சட்னி தொட்டுக்கொள்ளலாம், தொடாமலும் சாப்பிடலாம்.

மச்சான் இட்லி விஷயத்தில் கறாரானவர். முருகன் இட்லி பிறந்த ஊர்க்காரர், ஒரு இட்லிக்கு நாலு சட்னி இல்லை என்றால் எழுந்து போய்விடுவார். இங்கே பொடியும் நெய்யும் போட்டு ஊறவைத்த இட்லியை வாயில் வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இன்னொரு தட்டு சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "சட்னி இல்லாம இட்லி தின்னது இதான் மொத தடவ" என்றார். அவர் வாயில் இருந்து வருகிற பாராட்டு இந்த அளவோடு சரி.

குறையும் சொல்லிவிடுகிறேன். நெய் அளவு எல்லா வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது, ஆளுக்கு ஒரு தட்டு போதும். ஏழரைக்கு மேல் போனால் காத்திருப்பு இன்னும் கூடும். வயதானவர்களைக் கூட்டிப் போனால் அவர்கள் நிற்க முடியாமல் தவித்துவிடுவார்கள், என் அத்தையை ஒரு தடவை கூட்டிப்போய்ப் பக்கத்துக் கடைப்படியில் உட்கார வைத்து ஊட்டாத குறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்களுக்கு இந்த ஏரியாவில் நல்ல கழிப்பறை கிடைப்பது கஷ்டம், மெட்ரோ ஸ்டேஷனிலேயே போய்விட்டுக் கிளம்புவது உத்தமம். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

காத்திருந்தால் ருசி கூடுகிற சாப்பாடும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். புளியோதரை மறுநாள்தான் ருசி. திருவல்லிக்கேணியில் 1948-இல் இருந்து இருக்கிற ரத்னா கபேயில் சாம்பார் இட்லி சொன்னால், இட்லி மூழ்கும் வரைக்கும் சாம்பாரை ஊற்றிவிட்டுப் போவார்கள், கேட்கக் கேட்க மறுபடி மறுபடி வந்து ஊற்றுவார்கள். அதை உடனே சாப்பிடக் கூடாது, இரண்டு நிமிஷம் ஊற விட்டுச் சாப்பிட வேண்டும். அப்படி ஊறவேண்டிய சாப்பாட்டை வீட்டுக்கு வரவழைத்தாலும் பாதகம் இல்லை. அதே பெட்டியில் நெய் ஊத்தப்பத்தையும் முறுக்கு சாண்ட்விச்சையும் அடைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

சீனா பாயில் இருந்து செகண்ட் லைன் பீச்சுக்கு அரை மணி நேர நடை. ஆட்டோ பிடிக்கலாம் என்றார் மச்சான், நான் விடவில்லை, அந்த நெய் இறங்கினால்தான் அடுத்ததற்கு இடம் கிடைக்கும். வந்த வழியே திரும்பி பாரிமுனை சிக்னலைத் தாண்டி உள்ளே போனால் செகண்ட் லைன் பீச் ரோடு. பீச் என்ற பேர் மட்டும்தான், கடல் கண்ணுக்குத் தெரியாது. இப்போது ராஜாஜி சாலை என்று சொல்கிற ரோடுதான் அந்தக் காலத்தில் ஃபர்ஸ்ட் லைன் பீச், துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் அலை அதுவரைக்கும் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இருப்பதால் இது செகண்ட் லைன்.

"அதோ சாப்பிடலாம் மச்சான்" என்றேன். "எதோ?" என்று நான் கைகாட்டாத திசையில் தேடினார். பேரே அதுதான் என்று புரியவைக்க ஒரு நிமிஷம் ஆனது. தமிழ்ச் சொல் இல்லை இது. பர்மாவில் பச்சைக் காய், நூடுல்ஸ், சோறு எதையாவது புளியும் எண்ணெயும் விட்டுக் கலந்து செய்கிற வகைக்கெல்லாம் அதோ என்றுதான் பேர், கையால் கலந்தது என்பதற்கு லெத்தோ என்று தனியாகவே ஒரு சொல் இருக்கிறது. கையால் கலப்பது அதன் பேரிலேயே இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு இந்தச் சாப்பாட்டின் மேல் பிரியம் கூடிவிட்டது.

நான் சின்ன வயதில் இருந்தது வியாசர்பாடி. பர்மாவில் இருந்து வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. எங்கள் தெருமுனையில் ஒரு பாட்டி, ரங்கூனில் பிறந்தவர், சாயங்காலம் ஆனால் திண்ணையில் ஒரு பேசின் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தேக்குக் கட்டில், வீட்டு வாசலில் ஓடிய ட்ராம், கடையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போன பட்டாளத்துக்காரன் என்று கலந்துகொண்டே கதை சொல்வார். 1962-இல் நே வின் ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தார், 1964-இல் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள், பல தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். மெட்ராஸில் இறங்கியவர்களுக்குப் பிழைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. 1969-இல் வந்த பர்மா பஜார் ஒரு வழி, இந்த அதோ கடைகள் இன்னொரு வழி. பஜாரில் ரேடியோவும் வாசனைத் திரவியமும் தேடிப் போன காலம் போய்விட்டது. பின்பக்கம் சாயங்காலம் ஆனதும் பேசின் வைக்கிற கைகள் மட்டும் இன்னும் ஓயவில்லை.

கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, இல்லாவிட்டால் ஒரு மேசை. மேலே ஒரு குண்டு பல்பு. மஞ்சளாக அவித்த கோதுமை நூடுல்ஸ் மலை மாதிரி குவிந்திருக்கும், பக்கத்தில் நூல் நூலாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், கொத்தமல்லி, கிண்ணம் கிண்ணமாகப் பொரித்த பூண்டு, பொரித்த வெங்காயம், அவை பொரிந்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், உப்பு, கண்ணாடி ஜாடியில் பேஜோ. பேஜோ என்றால் தட்டையைவிட மெலிசான ஒரு வட்ட மொறுமொறுப்பு, இதுவும் பர்மாக்காரப் பேர்தான்.

நாங்கள் நின்ற வண்டியில் ஒரு அம்மாவும் மகனும். மகன் காசு வாங்குகிறார், தட்டு எடுத்துக் கொடுக்கிறார், அம்மா கை காசைத் தொடுவதே இல்லை. நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன், நீங்களும் பாருங்கள். நூடுல்ஸை ஒரு பிடி எடுத்தார், எடையே தேவையில்லாத பிடி, நாலு பேருக்கு எடுத்தாலும் நாலும் ஒரே அளவு. கோஸ் ஒரு பிடி, வெங்காயம் அரைப் பிடி. பொரித்த பூண்டு, எண்ணெய் ஒரு கரண்டி, புளித்தண்ணீர் ஒரு சுழற்று, மிளகாய்த் தூள். "காரம் எப்டிப்பா?" "நல்லா போடுங்கம்மா." ஒரு பேஜோவை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரே அமுக்கு, நொறுங்கிப் பாத்திரத்தில் விழுந்தது. அப்புறம் ஐந்து விரலையும் விரித்து அடியில் இருந்து மேலே தூக்கித் தூக்கி விட்டார். பிசையவே இல்லை. கோழி கிளறுகிற மாதிரி விரல் நுனியில்தான் வேலை, நூடுல்ஸ் ஒன்றுகூட அறுபடவில்லை. ஏழெட்டுத் தூக்கு, எலுமிச்சையை மேலே ஒரு பிழி, கொத்தமல்லி, தட்டு. எண்ணிப் பார்த்தால் நாற்பது விநாடி இருக்கும்.

வாயில் போட்டதும் முதலில் தெரிவது புளிப்பு, பிறகு பூண்டு எண்ணெய், இடையிடையே கோஸ் நறுக்கென்று கடிபட, எதிர்பாராத இடத்தில் ஒரு பேஜோத் துண்டு உடையும். சூடான சாப்பாடு இல்லை இது, அந்த நூடுல்ஸ் ஆறித்தான் இருக்கும். சூட்டுக்குக் கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் வரும். மொய்ங்கா என்று பர்மாவில் மீன் போட்டுக் காய்ச்சுகிற குழம்பு, இங்கே பல வண்டிகளில் மீன் இல்லாமல் வாழைத்தண்டும் கடலை மாவும் மிளகும் சேர்ந்து கெட்டியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு வாய் அதோ, ஒரு மடக்கு சூப். காலி ஆனால் நீட்டினால் போதும், மறுபடி ஊற்றுவார்கள்.

கடைசியாக முட்டை. இதைச் சாப்பிடாமல் யாரும் அங்கிருந்து கிளம்பாதீர்கள். அவித்த முட்டையை நடுவில் கீறி, மஞ்சள் கருவுக்குப் பக்கத்திலேயே பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து, உப்பு, மிளகாய்த் தூள், கொத்தமல்லி, மேலே ஒரு கரண்டி புளித்தண்ணீரும் எண்ணெயும். முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்தால் சட்டை போய்விடும். மச்சான் முதல் முட்டைக்கு யோசித்தார். இரண்டாவதற்கு யோசிக்கவில்லை. மூன்றாவதற்கு அவரே அம்மாவிடம் "ஆத்தா, இன்னொண்ணு" என்று நீட்டினார், அந்த அம்மா சிரித்துக்கொண்டே "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். மதுரை என்றதும் பூண்டு ஒரு பிடி கூடுதலாக விழுந்தது.

இதே அதோவை ஒரு பெரிய மாலில் உள்ள ரெஸ்டாரண்டில் ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறேன், பேர் வேண்டாம். வெள்ளைப் பீங்கானில், முள்கரண்டியோடு, மேலே ஒரு பூ. உள்ளே சமையலறையில் கலந்து, அலங்காரம் முடித்து, மேசைக்கு வருவதற்குள் பேஜோ நமுத்துவிட்டது. எங்கள் ஊர் நாற்பது விநாடிச் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டு, பில்லில் கேட்காமலேயே சர்வீஸ் சார்ஜும் சேர்த்திருந்தார்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, எடுக்கச் சொன்னேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்தார்கள். அங்கே கொடுத்த காசில் செகண்ட் லைன் பீச்சில் நாலு பேர் முட்டையோடு சாப்பிட்டு மெட்ரோவில் வீட்டுக்கே போய்விடலாம். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு ஜிலேபியில் இருந்து மூன்றாவது முட்டை வரை எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள்தான் ஆனது.

ரெஸ்டாரண்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிச் சாப்பிட வேண்டும் என்றால் நானும் ஏசி ஹாலுக்குத்தான் போவேன். ஆனால் கலந்த கைக்கும் சாப்பிடுகிற வாய்க்கும் நடுவில் ஒரு எட்டுக்கு மேல் இருந்தால் கெட்டுப்போகிற சாப்பாட்டைப் பிளேட்டிங் பண்ணி மேசைக்குக் கொண்டுவராதீர்கள் என்று அந்த ஓட்டல்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றால் ஹாலுக்கு நடுவில் ஒரு பேசினை வைத்து, கலக்கத் தெரிந்த ஒரு அம்மாவை நல்ல சம்பளத்தில் உட்கார வையுங்கள், நான் வந்து வரிசையில் நிற்கிறேன்.

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்குள் எல்லாம் முடியும், ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும், தெருவே வேறு மாதிரி இருக்கும், எனக்கு அந்த வெறிச்சோடிய தெரு பிடிப்பதில்லை. மழை வரும் போல இருந்தால் இன்னொரு நாள் பாருங்கள், பாரிமுனையில் தண்ணீர் தேங்கினால் சாப்பாட்டு நினைப்பே ஓடிவிடும்.

கிளம்பும்போது மச்சான் அக்காவுக்கு ஒரு அதோ கட்டச் சொன்னார். அந்த அம்மாவே "மதுர வரைக்கும் தாங்காது தம்பி" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில் பேஜோ மட்டும் ஒரு பாக்கெட், பொரித்த பூண்டு ஒரு சின்னப் பொட்டலம், தனித்தனியாகக் கட்டிக் கொடுத்து, எதை எவ்வளவு போட வேண்டும் என்று மச்சானுக்கு விரல் விட்டு எண்ணிச் சொல்லிக் கொடுத்தார். மச்சான் மெட்ரோவில் வீடு வரும் வரைக்கும் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை ராத்திரி அக்கா போன் பண்ணினாள். கடையில் வாங்கிய நூடுல்ஸை அவித்து, கோஸை அரிந்து, புளி கரைத்து மச்சானே கலந்தாராம், கரண்டியைத் தொட விடவில்லையாம். புளி கொஞ்சம் தூக்கல், ஆனால் பேஜோ மொறுமொறு என்று இருந்தது என்றாள், மிச்சத்தைப் பிள்ளைகள் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு தீர்த்துவிட்டார்களாம், அடுத்த தடவை வரும்போது இரண்டு பாக்கெட் வேண்டுமாம்.